தொட்டிக்குச் சோறு

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ஜோக் அருவியையும் சேர்த்துக்கொள்வார்கள். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டி, ராகி வயல்களுக்கு நடுவே புதிதாக எழும்பிய மஞ்சள் கட்டடத்தில் மட்டும் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அங்கே மின்சாரம் எச்சில் சோற்றிலிருந்து வரவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. கட்டடத்துக்குப் பெயர் கழிவுச் சக்தி ஆராய்ச்சி நிலையம். பெயர்ப் பலகைக்கு மேலே மூன்று விளக்குகள் பகலிலும் எரியும். அவை சிவசமுத்திரத்து மின்சாரத்தில் எரிந்தன.

நிலையத்தின் தத்துவம் எளிது. டைரக்டர் டாக்டர் ஸ்ரீகண்டன் யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். அழுகிய சோற்றிலும் சாணியிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. அவை தின்கின்றன. தின்னும்போது துளித்துளியாக மின்சாரத்தைக் கழற்றிவிடுகின்றன. ஒரு கரித்தண்டைக் கூழுக்குள் செருகி, இன்னொன்றைத் தனியே தண்ணீரில் வைத்து, இரண்டையும் கம்பியால் இணைத்தால் அந்த மின்சாரம் ஓடும். இது உண்மையும்கூட, வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் உண்மை ஒன்று கையில் கிடைத்தால் அதை வைத்து எத்தனை நாற்காலி போடலாம் என்பதுதான் நம்மவர்களின் முதல் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி அமோகமாக நடந்தது. டைரக்டருக்குக் கீழே துணை டைரக்டர்கள், அவர்களுக்குக் கீழே உதவி டைரக்டர்கள், எல்லோரையும் ஆட்டிவைக்க நிர்வாக அதிகாரி வைத்தீஸ்வரன். அத்தனை பேருக்கும் அடியில் பாகீரதி என்று ஓர் இளம் விஞ்ஞானி இருந்தாள். வேலை என்று ஏதாவது இருந்தால் அது அவளிடம் போகும்.

வயல் கழிவுப் பிரிவு முதல் ஆண்டிலேயே படுத்துவிட்டது. சாணிக்கு டெண்டர் விட்டார்கள். பக்கத்து வயல்காரர்கள் வந்து நின்று கேட்டார்கள். சாணியை இங்கே கொடுத்துவிட்டு வயலுக்கு எதைப் போடுவது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை ஆராய ஒரு துணைக் குழு அமைக்கப்பட்டது. வயல்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆக மிச்சமிருந்தது உணவுக் கழிவு, அதற்கு நிலையத்தில் இருந்த ஒரே ஊற்று கான்டீன்.

கான்டீனை எடுத்து நடத்தியவர் கோவிந்தப்பா. மர்பி டவுன் சேரிக்காரர். ராணுவத் தண்டுப் பகுதியில் பல வருஷம் யார் யாருடைய சமையலறையிலோ அடுப்பூதிவிட்டு, ஐம்பது வயதில் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு அடுப்பு வைத்திருந்தார். விடிவதற்கு முன் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, மடிவாளா ஏரிக்கரை இருட்டில் ஒரு டார்ச் லைட்டை ஹேண்டில்பாரில் கட்டி வெளிச்சம் பார்த்து ஓட்டி வருவார். கன்னடக்காரர்களுக்கு ராகி முத்தை என்கிற களியுருண்டையும் சாறும், தமிழர்களுக்குச் சோறும் சாம்பாரும். தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் தட்டை வழித்து, விரலை நக்கி, மோரைக் குடித்து எழுந்திருப்பார்கள். டைரக்டரும் நிர்வாக அதிகாரியும் மட்டும் வீட்டிலிருந்து கேரியர் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொன்னார்கள். மர்பி டவுன்காரன் கை பட்டதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்பது கோவிந்தப்பாவுக்கும் தெரியும். கழுவின மாதிரித் திரும்பி வரும் தட்டைப் பார்க்கும்போது அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

கான்டீன் குத்தகை வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். அது போய்விட்டால் இந்த வயதில் மறுபடி யாருடைய அடுப்படியிலாவது போய் நிற்க வேண்டும். அவர் பயப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். ஒரு நாள் வைத்தீஸ்வரன் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு வாரமா கான்டீன்லேர்ந்து ஒரு பருக்கைகூட வரலையே, என்ன பண்ணிண்டிருக்கே நீ?"

"சமைக்கறேன் சார்."

"அதான் பிரச்னையே."

கோவிந்தப்பா முழித்தார். வைத்தீஸ்வரன் பொறுமையாக விளக்கினார். இந்த நிலையம் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க ஏற்பட்டது. கழிவு இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் நிலையம் இல்லை. சாப்பிடுகிறவன் எல்லாவற்றையும் தின்று தீர்க்கும்படி சமைப்பது, நன்றாக யோசித்துப் பார்த்தால், தேசத்தின் ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்பதாகும். வருஷக் கடைசியில் குத்தகையைப் புதுப்பிக்கும்போது இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

கோவிந்தப்பா வீட்டுக்குப் போய் மனைவி யசோதாவிடம் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு, "அவுங்க சொல்றாப்பல செய்யேன், உப்ப அள்ளிப் போடு," என்றாள்.

போட்டார். அன்றைக்குச் சாம்பாரை வாயில் வைத்தவர்கள் ஒரு கணம் நிறுத்தினார்கள், தண்ணீர் குடித்தார்கள், மீண்டும் சாப்பிட்டார்கள். அது அரிசி கிடைக்காத வருஷம். மழை பொய்த்து, ரேஷன் கடை வாசலில் பொழுது விடிவதற்குள் வரிசை நீண்டுவிடும். சோறு உப்புக் கரிக்கிறதே என்று எழுந்திருக்கும் வசதி யாருக்கும் இல்லை. மறுநாள் புளியைக் கொட்டினார், அதற்கடுத்த நாள் தீயவிட்டார். லேத் பட்டறைக்காரர் ஒருவர், கடைசியில் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். நல்ல சமையலைக் கெடுத்த பாவமும் சேர்ந்தது, தட்டும் காலியாகவே திரும்பியது. கோவிந்தப்பாவுக்கு அழுகை வந்தது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தட்டில் கால்பங்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று கான்டீன் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதைக் கண்காணிக்கக் கழிவு மேற்பார்வையாளர் என்று ஒருவர் வந்தார். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே உலாவி, ஆர்வமாகச் சாப்பிடுகிறவர்களின் தோளைத் தொட்டு, "போதும்" என்பார். மேற்பார்வை முடிந்ததும் அவருக்கும் பசிக்கும். மிச்சம் வைத்த தட்டுகளுக்கு முன்னால் அவர் ஒருவர்தான் தனியாக இருப்பார்.

நோய்க்கு மருந்து டைரக்டருக்குத்தான் தோன்றியது. மனிதர்களை நம்பிக் கழிவு உற்பத்தி செய்ய முடியாது என்று அவர் டெல்லிக்கு எழுதினார். ஒருவன் தின்றது போக மிஞ்சுவது விஞ்ஞான ரீதியில் ஒழுங்கற்ற கழிவு; அளவு மாறும், சுவை மாறும். ஆகவே கழிவை ஆரம்பத்திலிருந்தே கழிவாகத் தயாரிக்க வேண்டும். டெல்லி மெச்சியது. ரேஷன் அரிசியில் தனி ஒதுக்கீடு வந்தது, துவரம்பருப்பும் கூடவே வந்தது. பஞ்சத்தை முன்னிட்டு ஊரே திங்கட்கிழமைதோறும் மாலை ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளப்பட்டிருந்த சமயத்தில், நிலையத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வந்து இறங்கியது.

கோவிந்தப்பா அதைப் பொங்கிச் சாம்பாரோடு பிசைந்து டிரம்மில் நிரப்பவேண்டும். பிறகு கழிவுச் சான்றுக் குழு வரும். குழுவில் மூன்று அதிகாரிகள். ஆளுக்கொரு முறை குனிந்து முகர்ந்து, கழிவுதான் என்று தலையசைப்பார்கள். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகவேண்டியிருந்ததால் சோறு ஆறுவதற்கு முன்பே சான்று கொடுத்துவிடுவார்கள். டிரம்மின் மேல் அரக்கு முத்திரை விழும். ஆவி பறக்கும் சோற்றுக்கு அந்த நிமிஷத்திலிருந்து கழிவு என்று பெயர். அப்புறம் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டாலும் அது அரசாங்கச் சொத்தைத் திருடியதாகும். தினமும் ஒரு மூட்டை. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள், இங்கே ஆனையையே காணோம். பொரி மட்டும் மூட்டையில் வந்தது.

இதற்கு நடுவில் பாகீரதி ஒரு காரியம் செய்துவிட்டாள். நிலையத்தில் அது வழக்கமில்லை. கான்டீன் கழுநீரையும் ஒரு கை சாணியையும் ஒரு மண்சட்டியில் போட்டு, கரித்தண்டு செருகி, மூலையில் மூடி வைத்தாள். சில நாள் கழித்து மின்சாரம் அளக்கும் கருவியின் முள் அசைந்தது. மயிரிழை அசைவு. அவள் ஓடிவந்து கோவிந்தப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினாள், கழுநீர் அவர் கொடுத்ததல்லவா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தன் அடுப்படித் தண்ணீர் எதையோ அசைத்தது என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்னும் சட்டிகளை வரிசையாக இணைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றாள்.

சேதி கேட்ட டைரக்டர் அன்றைக்கே மந்திரியை அழைத்துவிட்டார். மண்சட்டியைக் காட்டினால் நிலையத்தின் கௌரவம் என்னாவது? வெள்ளை ஓடு பதித்து, ஆள் நீந்துகிற அளவுக்கு ஒரு தொட்டி கட்டினார்கள். மேலே பித்தளைத் தண்டில் ஒரு சின்ன பல்பு. சான்று பெற்ற சோறெல்லாம் அதில் கொட்டப்பட்டது. அது புளித்து, பொங்கி, தன் கடமையைச் செய்ய ஆரம்பித்தபோது நாற்றம் அடித்தது.

டைரக்டருக்கு நாற்றம் ஆகாது. அவருடைய தகப்பனார் சமஸ்தானத்தில் சுகாதார அதிகாரியாக இருந்தவர். குடும்பமே பினாயில் வாசனையில் வளர்ந்தது. நிலையத்தின் தரை, சாக்கடை, மாடிப்படி எல்லாம் காலையும் மாலையும் பினாயில் போட்டுக் கழுவப்படும். தொட்டிக்கும் போடச் சொன்னார். வாளி வாளியாக ஊற்றினார்கள். பாகீரதி பதறிக்கொண்டு வந்தாள். கோவிந்தப்பா அப்போது டிரம்மோடு அங்கே நின்றிருந்தார்.

"சார், கிருமியெல்லாம் செத்துப்போயிடும் சார்."

"சாகட்டுமே. கிருமி இருக்கற எடத்துக்கு மந்திரியைக் கூப்பிட முடியுமோ?"

"கிருமிதான் சார் இங்க வேலை செய்யறது."

டைரக்டர் சிரித்தார். "வேலை செய்யட்டும்மா, நான் வேண்டாங்கலையே. சுத்தமா வேலை செய்யட்டும்."

மந்திரி வரும் நாள் காலையில் தொட்டி கம்மென்று மணந்தது. பல்பு எரியவில்லை. உதவி டைரக்டர்கள் கம்பியை ஆட்டிப் பார்த்தார்கள். வைத்தீஸ்வரன் கான்டீனுக்கு ஓடிவந்தார், அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சைக்கிளில் கட்டியிருந்த டார்ச் லைட்டைக் காட்டி, அதிலுள்ள செல் இரண்டும் வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் வாங்கலாமே என்று கோவிந்தப்பா சொல்லிப் பார்த்தார்.

"மின்சாரம் தயாரிக்கற நிலையம் பேட்டரி செல் வாங்கினா ஆடிட்காரன் என்ன கேப்பான்? கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

கொடுத்தார். செல் இரண்டும் தொட்டிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. மந்திரி வந்தார். பொத்தானை அமுக்கினார். பல்பு எரிந்தது. டைரக்டருக்குத் தகரப் பெட்டி விஷயம் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. தெரியாமலிருப்பதற்குத் தேவையான பயிற்சி அவருக்கு நிறைய இருந்தது. எரிகிற பல்பைப் பார்த்து அவர் கண் கலங்கியது நிஜமான கலங்கல்தான். மந்திரி கன்னடத்தில் நீளமாகப் பேசினார். தட்டில் சோற்றை மிச்சம் வைப்பவனை இதுவரை நாம் ஊதாரி என்று நினைத்தோம், இனி அவனை மின்சார உற்பத்தியாளன் என்று மதிப்போம் என்றார். சாப்பிடாமலிருக்கும் ஏழை நாட்டின் வருங்காலத்தைத் தன் வயிற்றில் சேமிக்கிறான் என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பாகீரதி மட்டும் தட்டவில்லை.

செல் திரும்பி வரவில்லை. பார்வையாளர்கள் வரும்போது மட்டும் பல்பை எரித்தாலும் செல் தீர்ந்துபோகும். தீர்ந்தால் வைத்தீஸ்வரன் ஆள் அனுப்புவார். கோவிந்தப்பா புதிது வாங்கிக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் குத்தகை. ஓசூர் ரோட்டு மின்சாரப் புரட்சியை மர்பி டவுன் சமையற்காரர் ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து நடத்திக்கொண்டிருந்தார். அவர் மட்டும் ஏரிக்கரையில் இருட்டில் சைக்கிள் ஓட்டி, ஒரு நாள் தக்காளிக் கூடையோடு பள்ளத்தில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார்.

வெற்றியறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பாகீரதி சொன்னாள். அவளை வேறு ஊரில், காகிதமும் பென்சிலும் கொடுக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். போகிற அன்று கான்டீனுக்கு வந்து காப்பி குடித்தாள். அந்தத் தொட்டியில் உயிருள்ளது எதுவும் இல்லை, இனி நீங்கள் சோறு கொட்டினாலும் ஒன்றுதான், கொட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோவிந்தப்பா அதை இரண்டு நாள் மனதில் போட்டுப் புரட்டினார். மூன்றாம் நாள் முத்திரை விழுந்த டிரம்மைத் தொட்டிப் பக்கம் தள்ளாமல் பின்வாசல் பக்கம் தள்ளினார். வெளியே ரோடு போடுகிறவர்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், தர்மபுரிப் பக்கத்துப் பஞ்சத்தில் கிளம்பி வந்த குடும்பங்கள். பாத்திரம் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் சாப்பிட்டதைப் பார்த்தபோது, உப்பை அள்ளிப்போட்ட நாளிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்தது கரைந்து போயிற்று. அதன் பிறகு நன்றாகவே சமைத்தார். குழு முகர்ந்து பார்த்து, இன்றையக் கழிவு வாசனையாக இருக்கிறதே என்று ஒரு நாள் குறிப்பு எழுதியது. மற்றபடி மாதங்கள் அமைதியாகப் போயின.

அந்த அமைதியைக் கெடுத்தது விஞ்ஞானம். தொட்டியில் கூழின் மட்டம் குறைந்துகொண்டே போவதை டைரக்டர் கவனித்தார். அடியில் கொஞ்சம் பினாயில் தண்ணீர்தான் நின்றது. ஆனால் பொத்தானை அமுக்கினால் பல்பு அதே பிரகாசத்தோடு எரிந்தது. அவர் திடுக்கிட்டார், பிறகு அவருக்குப் புல்லரித்தது. இரவு பகலாக உட்கார்ந்து கட்டுரை எழுதினார். கழிவைக் குறைக்கக் குறைக்க மின்சாரம் குறைவதில்லை. ஆகவே கழிவு இல்லாமலே மின்சாரம் எடுக்கலாம். டெல்லியில் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்றார்கள். அவருக்கு அங்கேயே பெரிய பதவி காத்திருப்பதாகச் சொன்னார்கள். அரிசி ஒதுக்கீடு ரத்தாயிற்று. கழிவு தேவையில்லை என்றால் கழிவு உற்பத்திக் கூடமும் தேவையில்லை. கான்டீனை மூட உத்தரவு வந்தது.

கோவிந்தப்பா வைத்தீஸ்வரனிடம் போய் நின்றார். சொன்னதையெல்லாம் செய்தேனே சார் என்றார். அதை யாரும் மறுக்கவில்லை என்று வைத்தீஸ்வரன் சொன்னார். உன் ஒத்துழைப்பால்தான் நீ தேவையில்லை என்பது நிரூபணமாயிற்று, இதில் நீ பெருமைப்பட வேண்டும் என்றார். யசோதா இதைக் கேட்டுவிட்டு, உள்ளதும் போச்சா என்று மட்டும் சொன்னாள். பழைய முதலாளி வீடு ஒன்றில் ஆள் வேண்டுமா என்று விசாரிக்கக் கிளம்பினாள்.

கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அண்டா, கரண்டி, அம்மிக்கல் எல்லாவற்றையும் வைத்தீஸ்வரன் நின்று சரிபார்த்து வாங்கிக்கொண்டார். பிறகு விதியை நினைவுபடுத்தினார்.

"ஒன்னோட சாமான் ஒரு துரும்பு இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கப்படாது. அப்புறம் வந்து இது என்னோடது அது என்னோடதுன்னு நிக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

கோவிந்தப்பா தெரிந்தது என்றார். கொஞ்சம் யோசித்தார். நேராகத் தொட்டி அறைக்குப் போனார்.

அங்கே டெல்லியிலிருந்து வந்த நிபுணர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. டைரக்டர் வெறுமையிலிருந்து சக்தி பிறப்பதைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். கோவிந்தப்பா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்.

"மன்னிச்சிக்கங்க சார். என் டார்ச் செல்லு ரெண்டு இங்க கீது. ஆபீசர் எடுத்துக்கினு போவ சொன்னாரு."

குனிந்தார். தகரப் பெட்டியைத் திறந்தார். பல்பு அணைந்தது. செல் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

வைத்தீஸ்வரன் சுவரைப் பார்த்தார். டைரக்டர் அணைந்த பல்பைப் பார்த்தார், நிபுணர்களைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்குத் திங்கட்கிழமை. தேசமே ஒரு வேளை உபவாசம் இருக்கு. ஜனங்க சாயங்காலம்தான் ஆரம்பிக்கறா. நம்ம தொட்டி இப்பவே ஆரம்பிச்சுடுத்து."

கழிவே வேண்டாத தொட்டி எப்படி உபவாசம் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிபுணர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பின்வாசலில் ரோடு போடுகிறவர்கள் வழக்கம்போல் பாத்திரங்களோடு காத்திருந்தார்கள். இன்றைக்குச் சோறு இல்லை, இனிமேலும் இல்லை என்று கோவிந்தப்பா சொன்னார். சைக்கிளை நிறுத்தி, செல்லை டார்ச்சுக்குள் போட்டு, பொத்தானை அமுக்கிப் பார்த்தார்.

"பட்டப்பகல்ல எதுக்குண்ணா லைட்டு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எரியுதான்னு பாக்கறேம்மா. உள்ள கீறவங்களுக்கு இத்தினி நாளா சோறு போட்டது இதான்."

அவள் டார்ச்சைப் பார்த்தாள், கட்டடத்தைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்து மர நிழலில் வைத்துவிட்டுக் கல் உடைக்கப் போனாள். உள்ளே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.